தேர்வு பயம்: மாணவருக்கு மட்டுமா, ஆசிரியருக்குமா?

2025-ஆம் ஆண்டில் 38 நாட்களுக்குள், நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நேரடியாகத் தொடும் மூன்று முடிவுகள் வெளிவந்தன. ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், மாணவர்களின் மனநலத்தைக் காக்க நாடு முழுமைக்கும் 15 வழிகாட்டு நெறிகளைப் பிறப்பித்தது. ஆகஸ்ட் 8 அன்று தமிழ்நாடு அரசு மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டு, பிளஸ் ஒன் பொதுத்தேர்வை அந்தக் கல்வியாண்டு முதலே கைவிட்டது. செப்டம்பர் 1 அன்று அதே உச்ச நீதிமன்றம், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள், ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் உட்பட, டெட் எனப்படும் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

முதல் இரண்டும் மாணவரின் நெஞ்சிலிருந்து கொஞ்சம் பாரத்தை இறக்கி வைப்பவை. மூன்றாவது, அந்த மாணவருக்குப் பாடம் நடத்துகிறவரையே தேர்வு அறையில் உட்கார வைப்பது. இந்த மூன்று செய்திகளையும் நாம் தனித்தனியாகப் படித்துவிட்டுக் கடந்து போனோம். ஆனால் மாணவரின் பயமும் ஆசிரியரின் பயமும் தனித்தனியானவை அல்ல. ஒன்று மற்றொன்றுக்குள் ஊறுகிறது என்பதே கல்வி உளவியல் ஆய்வுகள் சொல்லும் செய்தி.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை.

முதலிடத்தின் விலை

பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தில் முதலிடம் என்றாலே ஒரு காலத்தில் விருதுநகர்தான். 2023-லும் 97.85 சதவீதத் தேர்ச்சியுடன் அதுவே முதலிடம் பெற்றது. அந்த ஆண்டு மாநிலத்தின் சராசரி 94.03 சதவீதம். 2024-ல் முதலிடம் திருப்பூருக்கும், 2025-ல் அரியலூருக்கும் போனது. வேறு மாவட்டமாக இருந்தால் இரண்டாம், மூன்றாம் இடம் கொண்டாட்டமாக இருக்கும். விருதுநகரில் அது பின்னடைவு என்றே பேசப்படும்.

இந்தப் பெருமை சும்மா வந்ததல்ல. காமராஜர் பிறந்த ஊர் இது. விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் ஆமத்தூர் போன்ற ஊர்களைக் கடந்து போகிறவர்களுக்குத் தெரியும், இது வானம் பார்த்த பூமி. விவசாயம் கைவிட்ட இடத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் சோறு போட்டன. அதே தொழில் ஒரு காலத்தில் சின்னஞ்சிறு கைகளையும் வேலைக்கு இழுத்துக்கொண்டது. 1988-ல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதல் களங்களில் சிவகாசியும் ஒன்று. குழந்தைத் தொழிலாளர் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வழங்கிய முக்கியமான தீர்ப்பும் சிவகாசி வழக்கில் பிறந்ததுதான். அங்கிருந்து கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் பிளஸ் டூ தேறும் நிலைக்கு வந்திருப்பது சாதாரணச் சாதனை அல்ல. அதில் ஆசிரியர்களின் வியர்வை நிறைய இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2018-ல் மத்திய அரசு நாட்டில் பின்தங்கிய பகுதிகளை அடையாளம் கண்டு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டு. ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று விருதுநகர். தேர்ச்சியில் முதல் வரிசை, வாழ்க்கைத் தரத்தில் பின் வரிசை. தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தால் எல்லாம் உயர்ந்துவிடும் என்ற நம் நம்பிக்கையை இந்த ஒரு முரணே கேள்வி கேட்கிறது.

மேலிருந்து கீழே இறங்கும் பயம்

நூறு சதவீதத் தேர்ச்சி என்ற இலக்கு எப்படிப் பயணிக்கிறது என்று பாருங்கள். மாவட்டத்தின் இடம் என்ன என்ற கேள்வி கல்வி அதிகாரிகளுக்கு வருகிறது. அவர்கள் தலைமையாசிரியரைக் கேட்கிறார்கள். தலைமையாசிரியர் பாட ஆசிரியரைக் கேட்கிறார். உங்கள் பாடத்தில் எத்தனை பேர் பெயில் என்ற கேள்வி ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கேட்கப்படுகிறது. அந்த ஆசிரியர் மறுநாள் வகுப்புக்கு வருகிறார். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வுக்கு மேல் திருப்புதல் தேர்வு. ‘மெல்லக் கற்போர்’ என்று சிலரைத் தனியே உட்கார வைத்து, குறைந்தபட்ச வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்.

வீட்டில் அந்தப் பயம் வேறு குரலில் பேசுகிறது. “படிக்கலைன்னா தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போகணும்.” சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்கூடங்களை மக்கள் ‘ஆபீஸ்’ என்றே சொல்வார்கள். நம் முஸ்லிம் வீடுகளில் இதற்கு வேறு வடிவங்கள் உண்டு. மகனிடம், “பெயிலானா கடையில வந்து உட்காரு.” மகளிடம், “மார்க் குறைஞ்சா மாப்பிள்ளை பார்த்துருவோம்.”

பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற பாசத்தில்தான் இவை சொல்லப்படுகின்றன. ஆனால் கேட்கும் பிள்ளைக்கு இதில் இரண்டு பாடங்கள் போய்ச் சேர்கின்றன. ஒன்று, படிப்பு என்பது தண்டனையிலிருந்து தப்பும் வழி. மற்றொன்று, அத்தா அம்மா செய்யும் வேலை கேவலமானது. எந்த வேலையின் ஹலாலான வருமானத்தில் அந்தப் பிள்ளை சாப்பிடுகிறதோ, அந்த வேலையையே பூச்சாண்டியாகக் காட்டுகிறோம். திருமணம் என்ற சுன்னத்தையும் தோல்விக்கான தண்டனையாக மாற்றிவிடுகிறோம்.

ஊக்கம் பற்றி ஆய்வுகள் சொல்வது

பயம் வேலை செய்யாது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. குறுகிய காலத்துக்கு அது வேலை செய்யும். பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் பல பத்தாண்டுகளாக ஊக்கத்தை ஆராய்ந்தவர்கள். மனிதனின் ஊக்கம் நீடிக்க மூன்று வேண்டும் என்கிறார்கள். ‘இதை நானே விரும்பிச் செய்கிறேன்’ என்ற உணர்வு, ‘என்னால் முடியும்’ என்ற உணர்வு, ‘என்னோடு ஆள் இருக்கிறது’ என்ற உணர்வு. மிரட்டிப் படிக்க வைக்கும்போது முதலாவது போகிறது. மெல்லக் கற்போர் என்று முத்திரை குத்தும்போது இரண்டாவது போகிறது. மதிப்பெண்ணைப் பொறுத்துப் பாசம் கூடிக் குறைந்தால் மூன்றாவதும் போகிறது.

மிரட்டல் மட்டுமல்ல, பரிசும் சில நேரம் இதையே செய்கிறது. 1973-ல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைய ஆசைப்படும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதிதான். ‘490 எடுத்தா பைக்’ என்று சொல்லும் அத்தாமார்கள் இதை யோசிக்க வேண்டும். பைக் வந்த பிறகு புத்தகத்துக்கு என்ன வேலை?

பாராட்டும் விதத்திலும் சூட்சுமம் உண்டு. 1998-ல் கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு பெயர்பெற்றது. ‘நீ புத்திசாலி’ என்று புகழப்பட்டவர்கள் அடுத்து ஒரு கடினமான வினாத்தாள் வந்ததும் சோர்ந்து போனார்கள். ‘நன்றாக உழைத்தாய்’ என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். தம் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் சொன்னவர்களும் முதல் குழுவில்தான் அதிகம். ரேங்க் கார்டை ஒளித்து வைக்கும் பிள்ளையின் மனம் நமக்கு இங்கே புரிய வேண்டும்.

பதற்றத்தின் இரண்டு முகங்கள்

தேர்வுப் பதற்றத்தை ஆய்வாளர்கள் 1967-லிருந்தே இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்று உடலில் தெரிவது. கை வியர்ப்பது, வயிறு கலங்குவது, நெஞ்சு படபடப்பது. மற்றொன்று மனதில் ஓடுவது. ‘பெயிலானா என்ன ஆகும், அத்தா முகத்தில் எப்படி முழிப்பேன்’ என்ற ஓயாத எண்ணம். மதிப்பெண்ணை அதிகமாகக் குறைப்பது இரண்டாவதுதான். கணக்கு போட வேண்டிய மூளையின் இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது. தெரிந்த விடை தேர்வு அறையில் மறந்துபோவது இதனால்தான். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டினால் கவலை இன்னும் கூடும்.

இது ஒரு சிலரின் பிரச்சினை அல்ல. 2022-ல் என்சிஇஆர்டி நாடு முழுவதும் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை சுமார் 3.79 லட்சம் மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், பதற்றத்துக்குக் காரணம் படிப்பு என்றவர்கள் 50 சதவீதம், தேர்வும் முடிவும் என்றவர்கள் 31 சதவீதம். வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்குவதாக 28 சதவீதத்தினர் சொன்னார்கள். அதே 2022-ல் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றம் ஜூலை 25 தீர்ப்பில் இந்த எண்ணைத்தான் சுட்டிக்காட்டியது.

வளர்ந்த நாடுகளிலும் நிலைமை வேறல்ல. 2015-ல் நடந்த பிசா பன்னாட்டு மதிப்பீட்டில், நன்றாகத் தயாராகி இருந்தாலும் தேர்வுக்கு முன் மிகவும் பதறுவதாகச் சொன்ன பெண்பிள்ளைகள் சுமார் 64 சதவீதம், ஆண்பிள்ளைகள் 47 சதவீதம். தமிழ்நாட்டில் தேர்ச்சியில் முந்துகிறவர்கள் பெண்பிள்ளைகள். 2023 பிளஸ் டூ தேர்வில் மாணவியர் 96.38 சதவீதம், மாணவர் 91.45 சதவீதம். நன்றாகப் படிக்கும் மகள் அமைதியாக இருக்கிறாள் என்பதால் அவளுக்குப் பயம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. தேர்வு முடிவு தன் படிப்பைத் தொடர அனுமதிக்குமா என்று அவள் கணக்கு போட்டுக்கொண்டிருக்கலாம்.

அதே பிசா ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. எத்தனை தேர்வு வைக்கிறார்கள் என்பதை வைத்து மாணவர்களின் பதற்றம் கூடிக் குறையவில்லை. தடுமாறும்போது ஆசிரியர் தனியாகக் கவனித்து உதவுகிறாரா என்பதை வைத்தே மாறியது. அப்படியென்றால், பிளஸ் ஒன் தேர்வை நீக்கியதால் மட்டும் பயம் போய்விடாது. ஆசிரியரின் மனநிலையைப் பார்த்தாக வேண்டும்.

ஆசிரியரின் நெஞ்சிலும் படபடப்பு

கனடாவில் 4 முதல் 7-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வில், வேலையில் சலித்துச் சோர்ந்துபோன ஆசிரியர்களின் வகுப்பில் படிக்கும் குழந்தைகளுக்கு, காலை நேரத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் சுரப்பு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் 2010-ல் வெளியான இன்னோர் ஆய்வில், கணக்கைக் கண்டு தாமே பயப்படும் ஆசிரியைகளிடம் ஓராண்டு படித்த சிறுமிகளில் பலர், கணக்கு ஆண்பிள்ளைகளுக்கானது என்று நம்பத் தொடங்கினார்கள். அவர்களின் கணக்கு மதிப்பெண்ணும் குறைந்தது. ஆசிரியர் வாயால் சொல்லாத பயமும் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது.

இந்த இடத்தில்தான் செப்டம்பர் 1 தீர்ப்பைப் பார்க்க வேண்டும். ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேற வேண்டும். தவறினால் கட்டாய ஓய்வு. 5 ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேறாமலும் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. தமிழ்நாட்டில் 2012-ல் நடந்த முதல் டெட் தேர்வில் எழுதியவர்களில் ஒரு சதவீதம் பேர்கூடத் தேறவில்லை என்பது பலருக்கும் நினைவிருக்கும். இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய ஒருவர் இப்போது இரவில் கைடு புத்தகத்தோடு உட்கார்கிறார்.

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அது சரியா என்ற கேள்வியை இப்போது பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு தெரியும் வரை அந்த ஆசிரியர்கள் தொங்கலில்தான் இருக்கிறார்கள்.

தகுதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் வேண்டும் என்பதில் நமக்கே அக்கறை அதிகம். ஆனால் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவது, வாக்காளர் பட்டியல் வேலை, தேர்ச்சி இலக்கு, இப்போது வேலையே போகுமோ என்ற அச்சம் என்று சுமத்திக்கொண்டே போனால், அந்தச் சுமை கடைசியில் இறங்குவது கடைசி பெஞ்சுப் பிள்ளையின் தலையில்தான்.

மார்க்கம் காட்டும் வழி

பதற்றத்தைச் சொல்வது ஈமானின் குறை என்று சிலர் நினைக்கிறார்கள். ‘தொழுதால் சரியாகிவிடும்’ என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். தொழுகை நிச்சயம் அமைதி தரும். ஆனால் குர்ஆன் நமக்குக் காட்டும் முன்மாதிரியைப் பாருங்கள். ஃபிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது மூஸா (அலை) அவர்கள் தம் தயக்கத்தை மறைக்கவில்லை. நெஞ்சை விரிவாக்கவும், நாவின் முடிச்சை அவிழ்க்கவும், காரியத்தை எளிதாக்கவும் இறைவனிடம் கேட்டார்கள். தாஹா அத்தியாயத்தில் வரும் இந்த துஆவைத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அதன் தொடர்ச்சியை மறந்துவிடுகிறோம். துணைக்குத் தம் சகோதரர் ஹாரூன் (அலை) வேண்டும் என்றும் அவர்கள் கேட்டார்கள். பயத்தைச் சொல்வதும் துணை தேடுவதும் நபிமார்களின் வழி.

கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் அதிகம் ஓதியதாக புகாரியில் வருகிறது. வரப்போவதை நினைத்து வருவது கவலை, நடந்து முடிந்ததை நினைத்து வருவது துக்கம் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். தேர்வுக்கு முன் ஒன்று, முடிவுக்குப் பின் மற்றொன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டச் சொன்ன திர்மிதி ஹதீஸ், உழைப்பு நம் கையில், முடிவு அல்லாஹ்வின் கையில் என்று பிரித்துக் காட்டுகிறது. ‘உழைத்தாயா?’ என்று கேட்கலாம். ‘ஏன் 95 வரவில்லை?’ என்று கேட்பது, பிள்ளையின் கையில் இல்லாததைக் கேட்பது.

ஆசிரியர்களுக்கும் முன்மாதிரி உண்டு. பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட ‘சீ’ என்று சொன்னதில்லை. பிரம்போடு ஓதிக்கொடுக்கும் மக்தப்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். பள்ளிகளில் உடல் தண்டனையும் மன உளைச்சலும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காட்டப்பட்ட வழி அது.

நாம் செய்யக் கூடியவை

முதலில் வீட்டில். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நினைவில் நிற்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இப்படி மதிப்பெண் இல்லாத சின்னச் சின்னப் பயிற்சிகளை வகுப்பில் செய்த 1,400-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்களிடம் கேட்டபோது, 72 சதவீதத்தினர் தேர்வு பயம் குறைந்ததாகச் சொன்னார்கள். இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம், திட்டாமல், மார்க் போடாமல் பிள்ளையிடம் கேள்வி கேளுங்கள். உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘இன்று படித்ததை எனக்குச் சொல்லு’ என்று கேட்டாலே போதும்.

அடுத்து ரமலான். 2025-ல் பிளஸ் டூ தேர்வு முழுவதும் நோன்புக் காலத்தில் நடந்தது. 2026-லும் ரமலானும் மார்ச் மாதத் தேர்வும் சந்திக்கின்றன. நோன்பு நோற்றுத் தேர்வெழுதும் பிள்ளைக்கு வீட்டார் செய்யக் கூடிய பெரிய உதவி தூக்கம். படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். இஃப்தாருக்குப் பின் விருந்தாளிகள், கடைவீதி, செல்போன் என்று நள்ளிரவைத் தாண்ட விடாதீர்கள். சஹரில் எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைத்து, தண்ணீர் போதுமான அளவு குடிக்கச் சொல்லுங்கள். உடல்நலம் சார்ந்த சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமும், மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மஹல்லாவில். நூறு சதவீதம் தேர்ச்சி, அதிக மதிப்பெண் என்று மேடையில் சால்வை போடுகிறோம். பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நம் ஜமாஅத் விழாக்களில் அது இன்னும் தொடர்கிறது. முதல் மூவரைப் பாராட்டும் மேடையிலேயே, சென்ற ஆண்டு தவறி, துணைத்தேர்வில் தேறிய பிள்ளையையும் அழையுங்கள். பிளஸ் டூவில் தவறினால் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு என்பதும், அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதும் ஜும்ஆ மேடையில் சொல்லப்பட வேண்டிய செய்திகள். தேர்வில் தோற்றால் என்ன வழி என்று முன்பே தெரிந்த பிள்ளைக்குப் பயம் பாதியாகும்.

பள்ளியில். 100 மாணவருக்கு மேல் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பதையும் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும், ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை மனநலப் பயிற்சி தர வேண்டும் என்கின்றன ஜூலை 25 நெறிகள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், நம் சமுதாயப் பள்ளிகளின் தாளாளர்கள் இதை எடுத்துக் கேட்க வேண்டும். ‘எத்தனை சதவீதம்?’ என்று தலைமையாசிரியரிடம் கேட்கும்போதே, ‘உங்கள் ஆசிரியர்களுக்கு என்ன உதவி வேண்டும்?’ என்றும் கேட்போம். டெட் எழுதும் ஆசிரியைக்கு மாலை வகுப்பில் இரண்டு நாள் விடுப்பு கொடுப்பதும் மாணவருக்குச் செய்யும் உதவிதான்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல் பேசினால், அதை நடிப்பு என்று எண்ணாதீர்கள். டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய எண்களில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். அழைப்பதில் வெட்கம் ஏதுமில்லை. ஆசிரியர்களும் அழைக்கலாம்.

விருதுநகர் மாவட்டம் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்து பெரிய பயணத்தை முடித்திருக்கிறது. பள்ளிக்கு வந்த பிள்ளை பயமில்லாமல் படிக்க வேண்டும், பாடம் நடத்துகிறவர் பயமில்லாமல் நடத்த வேண்டும். அடுத்த பயணம் அது. இந்த ஆண்டு தேர்வு முடிவு வரும் நாளில், மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் பிள்ளையை அணைத்து, ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டு அதைத் தொடங்குவோம். வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் நெஞ்சங்களையும், அவர்களுக்குக் கற்பிப்போரின் நெஞ்சங்களையும் விரிவாக்கி, காரியங்களை எளிதாக்குவானாக. ஆமீன்.